கணினிச் சதுரங்கம் கற்றுத் தரும் பாடம்



சதுரங்கம் ஆடும் இரண்டு கணினி நிரல்களில் எது கெட்டிக்கார நிரல் என்று எப்படிச் சொல்வது? ஜெயித்ததுதான் என்பீர்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1974இல் ஸ்டாக்ஹோமில் கணினிச் சதுரங்கத்தின் முதல் உலகப் போட்டி நடந்தது. 13 நிரல்கள் ஆடின. சோவியத் நாட்டின் 'கைஸ்ஸா' நான்கு ஆட்டங்களையும் வென்று பரிசைத் தட்டிச் சென்றது. அமெரிக்காவின் 'செஸ் 4.0' ஓர் ஆட்டத்தில் தோற்று இரண்டாமிடம் பெற்றது. போட்டி முடிந்தபின் இந்த இரண்டையும் மோத விட்டார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது!

1998இல், மயிலாடுதுறையில் பிறந்த நம் விஸ்வநாதன் ஆனந்த், 'ரெபெல்' என்ற நிரலோடு எட்டு ஆட்டம் ஆடினார். 5-3 என்று நிரலே வென்றது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். அவசர ஆட்டங்கள் ஆறில் நிரலுக்கு 4½ புள்ளி. யோசிக்க நேரம் கொடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆனந்துக்கு 1½, நிரலுக்கு ½!

2017இல் 'ஆல்பாஸீரோ'வும் 'ஸ்டாக்ஃபிஷ்'ஷும் 100 ஆட்டம் ஆடின. ஆல்பாஸீரோ 28இல் வென்றது, ஒன்றிலும் தோற்கவில்லை. மீதி 72ம் சமநிலை. ஒரே ஆட்டத்தோடு நிறுத்தியிருந்தால் இரண்டும் சமம் என்றே முடிவு கட்டியிருக்கக்கூடும்.

பால்மரம் சீவிய நம் பெரியவர்களைக் கேளுங்கள். மழை நாள் நிறுவையை வைத்து மரத்தை எடைபோட மாட்டார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களை வாழ்த்துவோம். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளையிடம், "நீ இதுக்கெல்லாம் லாயக்கில்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனையோ ஆட்டம் இருக்கிறது. யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.