சிவகங்கை ஜமீன் ஒழிப்பும் கண்மாய்ப் பாசனமும்

சிவகங்கை ஜமீன் ஒழிப்பு என்பது, 1803இல் நிரந்தரத் தீர்வு (நிலையாக வரையறுத்த வரி ஏற்பாடு) பெற்ற ஜமீனை, 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் வழி உழவரிடம் அரசு நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறைக்கு மாற்றிய நிலச் சீர்திருத்தம். செட்டிநாட்டின் பெரும்பகுதியை உள்ளடக்கிய சிவகங்கை மாவட்டம், மழையை நம்பிய மானாவாரி நிலமும் கண்மாய்களை (பாசன ஏரிகளை) நம்பிய நெல் வயலும் மிகுந்த பகுதி.

விளைச்சலில் ஜமீனின் பங்காகிய மேல்வாரம் கண்மாயின் நீரளவைச் சார்ந்திருந்ததால், கண்மாய் மராமத்தில் ஜமீனுக்கும் ஆதாயம் இருந்தது. ஆயினும் பல ஜமீன்கள் அதைப் புறக்கணித்தன. கரை காத்தல், நீர் கொணரும் வரத்துக்கால் தூர்வாருதல் ஆகியன ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்தாக நடந்தன. ஒழிப்புக்குப் பின் வயலுக்குப் பட்டா உழவருக்குக் கிடைத்தது. கண்மாயோ பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றது. உழவருக்கு நில உரிமை அளித்த இம்மாற்றம் நியாயமானதே. நீர்நிலைப் பொறுப்பை ஊரிடம் உறுதிசெய்யாதது அதன் பெருங்குறை. வண்டல் படிவு, வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேலப் பரவல், ஆழ்துளைக் கிணற்றுச் சார்பு ஆகியவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கி, கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டு உழவர்களை மீண்டும் சீரமைப்புப் பணியில் ஈடுபடுத்தியது.