நம் மேடை வந்த வழி

சென்ற நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் நம் காலனி இன்ஸ்டிடியூட் மண்டபத்தில் மராட்டிய அன்பர்கள் தம் நாடக நாளைக் கொண்டாடினர். 1843ஆம் ஆண்டு சாங்கிலி நகரில் விஷ்ணுதாஸ் பாவே என்பார் ‘சீதா சுயம்வரம்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றிய நிகழ்ச்சியை நினைவுகூரும் நாள் அது. விழா முடிந்து தேநீர் அருந்துகையில், நம் அலுவலக நண்பர் ஒருவர், “உங்கள் தமிழ் நாடகத்திற்குப் பிறந்த நாள் எது?” என்று வினவினார். “மிகப் பழையது” என்று கூறிச் சமாளித்தோமேயன்றி, விடை கூற நம்மால் இயலவில்லை. அதற்கு அடுத்த வாரமே, ஆண்டு விழாவில் நாடகத்தை நிறுத்திவிட்டுத் திரைப்பாட்டு நிகழ்ச்சி ஒன்றை வைத்துக் கொண்டால் என்ன என்ற பேச்சு நம் செயற்குழுவில் எழுந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. நாம் மெட்ரிகுலேஷன் வரை படித்தவரேயன்றிப் புலவர் அல்லோம். குற்றம் காணின் பொறுத்தருள்க.

நண்பரின் வினாவிற்கு நேரான விடை, பிறந்த நாள் தெரியாது என்பதே. ஆயின் மேடையின் அளவு நமக்குத் தெரியும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்கின் கணக்கை இளங்கோவடிகள் ஒரு தச்சர் குறித்துக் கொள்வது போல் எழுதி வைத்திருக்கிறார். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேல் உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். போகவும் வரவும் இரு வாயில். நம் கட்டை விரல் ஏறத்தாழ ஓர் அங்குலம் இருத்தலின், ஒரு கோல் இரண்டடி என்று கொண்டு கணக்கிட்டுப் பார்த்தோம். பதினான்கடி அகலம், பதினாறடி நீளம் வருகிறது! நம் இன்ஸ்டிடியூட் மேடையினும் சிறிதே. ஒரு பக்கமிருந்து இழுக்கும் திரை, இரு பக்கமிருந்தும் வந்து பொருந்தும் திரை, மேலே மறைந்திருந்து கீழிறங்கும் திரை என மூவகை எழினிகளும் அங்கு இருந்தன. தூணின் நிழல் ஆடுவோர் மீதும் காண்போர் மீதும் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்பதும் கூறப்பட்டுள்ளது. நம் மண்டபத்து மின்விளக்கை மாட்டியவர் இதனைப் படித்திருக்கலாம்.

அரசர்க்கு ஆடுவது வேத்தியல், மக்கட்கு ஆடுவது பொதுவியல் என்று கூத்து அக்காலத்தே இரண்டாகப் பிரிந்திருந்தது. பின்னர்ச் சோழர் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவில் ‘இராசராசேசுவர நாடகம்’ ஆடுதற்காகச் சாந்திக் கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்கப்பட்டமையை 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக் கூறுகிறது. சம்பளக் கணக்கு நின்றுவிட்டது, நாடகம் கிடைக்கவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இதில் சிறு பெருமையும் பெரு வருத்தமும் உண்டு. பள்ளும் குறவஞ்சியும், சீகாழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும், விடிய விடிய நிகழும் தெருக்கூத்தும் இடைக்காலத்தில் அந்த இழையை அறாமல் காத்தன.

இனித்தான் நம் நண்பர்க்கு உரிய செய்தி வருகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாகஜி, தம் தாய்மொழியில் நாடகங்கள் இயற்றினார். அவற்றின் சுவடிகள் தஞ்சை சரசுவதி மகாலில் உள்ளன. மராட்டிய நாடகங்களுள் கிடைத்தவற்றில் மிகப் பழையவை அவையே என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அஃதாவது, சாங்கிலிக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, மராட்டிய நாடகம் காவிரிக் கரையில் எழுதப் பெற்றது. பிழைப்பை நாடி வேற்று மண்ணிற்குச் சென்ற குடி, தன் மொழியை மேடையில் ஏற்றி வைத்துக் காத்துக் கொண்டது. இச்செய்தியை நண்பரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

கடன் ஒரு பக்கமாகவே நின்றுவிடவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாங்கிலிப் பக்கத்து மராட்டிய நாடகக் குழுவினர் தஞ்சைக்கு வந்து ஆடினர். வண்ணம் தீட்டிய படுதாவும், பக்கத் தட்டிகளும், காட்சிக்குக் காட்சி மாறும் திரையும் கண்ட மக்கள் வியந்தனர். அவற்றைக் கண்ட தஞ்சை கோவிந்தசாமி ராவ் என்பார், தமிழிலேயே அவ்வாறு நடத்தக் கருதி ‘மனமோகன நாடகக் கம்பெனி’யைத் தொடங்கினார். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் கம்பெனிகளும் தம் பங்கிற்கு ஜரிகை உடையையும் தந்திரக் காட்சிகளையும் பரப்பின. நாம் ‘தமிழ் மேடை’ என்று எண்ணும் படுதாவும் தட்டியும் இம்மராட்டிய மண்ணிலிருந்தே ஊருக்குப் போனவை.

படுதா வந்தது, பாடம் வரவில்லை. நடிகர்கள் அவரவர்க்குத் தோன்றிய வசனத்தைப் பேசிய காலம் அது. அதை ஒழுங்குபடுத்தியவர் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். இவர் முதலில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர் என்பதை நம் அலுவலகத் தோழர்கள் கவனிப்பாராக. இருபத்து நான்காம் வயதில் பேரேட்டை மூடிவிட்டு நாடகத்திற்கு வந்தார். எமன், சனீசுவரன், இரணியன் வேடங்களில் காண்போரை நடுங்க வைத்தவர், பின்னர் நடிப்பை விட்டு ஆசிரியரானார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ முதலியன அவர் தந்தவை. ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் பாட்டும் வசனமுமாக ஓர் இரவிலேயே எழுதி முடித்தார் என்று அவர் மாணவர் அவ்வை தி. க. சண்முகம் எழுதியிருக்கிறார். 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்துத் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யை நிறுவினார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

இச்சிறுவர் கம்பெனிகளைப் புகழ்ந்து மட்டும் எழுதுதல் நேர்மையன்று. ஏழு வயதிலேயே தாயைப் பிரிந்து, ஊர் ஊராய்ச் சென்று, பிரம்படியோடு பாடம் கேட்ட பிள்ளைகள் பலர். குரல் உடைந்த அன்றே வாழ்வும் உடைந்தவர் எத்தனையோ! தமிழ் உச்சரிப்பைச் செம்மையாக்கியவையும் அக்கம்பெனிகளே. அதற்கு விலை கொடுத்தவர் அச்சிறுவரே.

ரயில்வே ஊழியராகிய நாம் விட்டுவிடலாகாத ஒரு செய்தி உண்டு. கும்பகோணத்தில் பாலாமணி அம்மையார் பெண்களையே கொண்டு ஒரு நாடகக் குழுவை நடத்தி வந்தார். அந்நாடகம் காணத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் வரும் கூட்டத்திற்காகத் தனி வண்டிகளே விடப்பட்டன என்றும், மக்கள் அவற்றைப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று வழங்கினர் என்றும் கூறுவர். திருவிழாவிற்கு ஸ்பெஷல் விடுவதை நாம் அறிவோம். நாடகத்திற்கு விட்டதை நம் டிராஃபிக் பகுதித் தோழர்கள் இன்னும் நம்ப மறுக்கின்றனர்.

நம் சங்கத்து நாடகம் இவற்றுள் எந்த வழியைச் சேர்ந்தது எனில், 1891ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனலாம். அவ்வாண்டில் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசாரியார் என்னும் வழக்கறிஞர் தம் சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினார். கற்றோரும் அலுவலில் இருப்போரும் கூலி கருதாமல் நடிப்பதைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார் என்னும் பதினெட்டு வயது மாணவர், அவ்வாண்டு ஜூலையிலேயே நண்பர் சிலரோடு ‘சுகுண விலாச சபை’யைத் தொடங்கினார். விடியும் வரை நடந்த நாடகம் சில மணி நேரமாகச் சுருங்கியது இவர்களால்தான். ‘மனோகரா’ இவர் எழுதியது. ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்தன்’ எனத் தமிழாக்கியவரும் இவரே. பிற்காலத்தில் நீதிபதியான பிறகும் வேடம் புனைவதை இழிவாகக் கருதவில்லை. இவர்தம் நண்பர் ரங்கவடிவேலு, பகலில் வழக்கறிஞர், மேடையில் கதாநாயகி. பகலில் கோப்பும் மாலையில் ஒத்திகையுமாக இருக்கும் நம்மவர்க்கு இதைவிட நெருங்கிய முன்னோர் வேறு யார்?

திரைப்பாட்டை நாம் வெறுக்கவில்லை. பாடுவோரும் நம் பிள்ளைகளே. ஆயின் செயற்குழுவில் நாம் கூறியதை இங்கும் பதிவு செய்கிறோம். சென்ற ஆண்டு ‘சத்தியவான் சாவித்திரி’யில் எமனாக வந்த சிறுவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அவன் தாயார் வசனம் முழுவதையும் தேவநாகரியில் எழுதிக் கொடுத்து மனனம் செய்வித்தார். பக்கத் தட்டிக்குப் பின் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை, பதினோர் ஆண்டுகளாக நம்முடையது. அன்று அவனுக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்க நேரவில்லை. ழகரம் மட்டும் இரண்டு இடங்களில் ளகரமாயிற்று. தாயார் அவ்வாறே எழுதியிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியார், பேரன் வாயில் இத்தனை தமிழை அதற்கு முன் கேட்டதில்லை என்று நம்மிடம் கூறினார்.

நாடகத்திற்கு ஐம்பது நிமிடம், பாட்டிற்கு ஐம்பது நிமிடம் என இவ்வாண்டு முடிவாயிற்று. அடுத்த ஆண்டைப் பற்றிப் பொதுக்குழு தீர்மானிக்கும். இன்று மாலை ‘வள்ளி திருமணம்’ சுருக்கி நடிக்கப் பெறுகிறது. தினைப்புனத்திற்கு வேண்டிய காட்டுப் படுதாவை நம் மராட்டிய நண்பர் தம் மண்டலியிலிருந்து இரவல் பெற்றுத் தந்துள்ளார். அதில் தீட்டியிருப்பது இராமர் வனவாசக் காடு. வலப்புற மூலையில் ஒரு பர்ணசாலையும் தெரியும். அதனை வள்ளியின் பரண் என்று கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.