பால் எந்த வழி போகும்?



கெடா மாநிலத்தின் தென்கோடியில் பண்டார் பாரு இருக்கிறது. அங்கே கிரியான் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார் தெரியும். இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் போனால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் வந்துவிடும். மூன்று மாநிலங்கள் கூடுகிற இடம். வழிகள் பிரிகிற இடம் என்றும் சொல்லலாம். இன்றைய பேச்சும் வழிகள் பிரிவதைப் பற்றியதுதான். ஆளும் வண்டியும் போகும் வழியை விட்டுவிட்டு, தோட்டத்தில் ஒரு வாளிப் பால் போன வழியைப் பார்ப்போம்.

செர்டாங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இந்தக் காட்சியை நான் விவரிக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு தலையில் விளக்கும் கையில் உளியுமாக நிரை நிரையாக மரம் வெட்டுதல், மங்கில் பால் சொட்டி நின்றதும் பால் எடுத்தல், காண்டாவின் இரு முனையிலும் வாளி தொங்க ஸ்டோரை நோக்கி நடத்தல். ஸ்டோருக்கு வந்தபின் அந்தப் பாலுக்கு என்ன ஆயிற்று என்று எத்தனை பேர் கவனித்திருப்போம்? நிறுவைக்குப் பின் நம் கவலை தீர்ந்தது என்று லயத்துக்குத் திரும்பிவிடுவோம்.

பால் ஒரே வழியாகப் போனதில்லை. நல்ல பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்த பலகையை உருளைகளுக்கிடையே கொடுத்து மெல்லிய ஷீட்டாக்கி, கடைசி உருளையில் வரி போட்டு, புகைக்கொட்டாயில் சில நாட்கள் தொங்கவிடுவார்கள். இது ஒரு வழி. மங்கிலேயே உறைந்துபோன கட்டிப்பாலும், வெட்டுக் கோட்டில் ஒட்டிக்கொண்ட கோட்டுப்பாலும் இந்த வழியில் போக முடியாது. அவற்றைக் கழுவி, அரைத்து, கிரேப் என்னும் சுருக்கு ரப்பராக்கினார்கள். மூன்றாவது வழிக்குப் போகும் பாலை உறைய விடவே கூடாது. அம்மோனியா சேர்த்துத் திரவமாகவே காத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டு, மரத்திலிருந்து வரும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்கும் ரப்பரின் அளவை நூற்றுக்கு 60 என்ற நிலைக்குக் கொண்டுவருவார்கள். மருத்துவர் போடும் கையுறை அந்தப் பாலிலிருந்து வந்தது.

1965 இல் நான்காவது வழியும் திறந்தது. எஸ்.எம்.ஆர். என்ற தரமுறையை மலேசியா கொண்டுவந்தது. அதுவரை ஷீட்டைக் கையில் பிடித்து, வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துத் தரம் சொல்லி வந்தார்கள். இனி ரப்பரைச் சிறு துணுக்குகளாக்கி உலர்த்தி, கட்டியாக அழுத்தி, அதில் அழுக்கு எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து விற்கலாம் என்றாயிற்று. அன்றைய தரமுறையில் நூற்றுக்கு 0.05 பங்குக்குள் அழுக்கு இருந்தால் எஸ்.எம்.ஆர். 5, 0.20 பங்குக்குள் என்றால் எஸ்.எம்.ஆர். 20 என்று வகுத்திருந்தார்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் கண்ட ஒரு முறையில், உறைந்த ரப்பர் உதிரி உதிரியாக நொறுங்குவதற்குச் சேர்த்தது என்ன தெரியுமா? நம் ஆமணக்கெண்ணெய்தான், அதுவும் மிகச் சிறிதளவு. பாட்டி பேதிக்குக் கொடுத்த எண்ணெய்க்கு இப்படியும் ஒரு வேலை!

இந்த வழி திறந்ததும் தாழ்ந்த பொருள் என்று ஒதுக்கப்பட்ட கட்டிப்பாலுக்கு மதிப்பு உயர்ந்தது. கூடவே மற்றொன்றும் நடந்தது. பல தோட்டங்களின் பால் ஒரே பெரிய ஆலைக்குப் போகத் தொடங்கிய இடங்களில், தோட்டத்துப் புகைக்கொட்டாயில் புகை நின்றது. ஷீட் மெஷினில் நின்றவர்களும் ஷீட்டைத் தரம் பிரித்த பெண்களும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. பாலின் வழி மாறினால் மனிதரின் வழியும் மாறும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

தினசரிக் கணக்கிலும் இது உண்டு. ஸ்டோர் வாசலில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். தராசு ஒன்று, கிராணி ஒருவர். வெயில் ஏற ஏற வாளியில் பால் திரிய ஆரம்பிக்கும். வரிசையின் கடைசியில் நின்றவரின் பால் கட்டியாகிவிட்டால் அது நல்ல பாலின் வழியில் போகாது. பாலுக்கு ஒரு கணக்கு, கட்டிக்கு வேறு கணக்கு என்றிருந்த தோட்டத்தில் இந்த அரை மணி நேரம் சம்பளத்தில் தெரியும்.

சரி, இரண்டாவது தராசு ஒன்று வைத்தால் என்ன? எப்போது ஒருவரை அங்கே அனுப்புவது? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? முடியும். அந்தக் கணக்கின் வரலாறு டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில், தொலைபேசி நிலையத்தில் தொடங்குகிறது. அங்கே வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்பவர் 1909 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொலைபேசி அழைப்புகள் தாளம் போட்டதுபோல் சீராக வருவதில்லை. சில வேளை ஒன்றும் இராது, சில வேளை கும்பலாக வரும். ஆகவே சராசரியை மட்டும் நம்பிக் கம்பிகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தால் ஏமாந்துபோவோம்.

நம் ஸ்டோரை வைத்தே இதைப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ஆறு பேர் பால் கொண்டுவருகிறார்கள்; ஒருவருக்கு நிறுக்க 2 நிமிடம். ஆக மொத்தம் 12 நிமிட வேலை. 12 நிமிடத்துக்கு ஒரு தராசு போதும் என்று சராசரி சொல்லும். ஆனால் முதல் மூவர் ஒன்றாகவே வந்துவிடுகிறார்கள். 6 ஆம் நிமிடத்தில் இருவர், 10 ஆம் நிமிடத்தில் ஒருவர். முதலாமவர் காத்திருக்கவில்லை, இரண்டாமவர் 2 நிமிடம், மூன்றாமவர் 4 நிமிடம் நிற்கிறார். நான்காமவர் நேரே போகிறார்; ஐந்தாமவர் 2 நிமிடம் நிற்கிறார்; ஆறாமவருக்குக் காத்திருப்பு இல்லை. கூட்டினால் 8 நிமிடம். இப்போது இரண்டாவது தராசு வைத்து, “முதல் தராசில் ஆள் இருந்தால் அடுத்ததற்குப் போ” என்று ஒரு விதி செய்கிறோம். காத்திருக்கிறவர் மூன்றாமவர் மட்டுமே. அதுவும் 2 நிமிடம். எட்டு இரண்டாகிவிட்டது. அந்த இரண்டாவது தராசோ அந்தப் 12 நிமிடத்தில் 4 நிமிடம்தான் வேலை செய்தது. மேலோட்டமாகப் பார்க்கிற துரை, “இது சும்மா கிடக்கிறதே, எடுத்துவிடு” என்பார்! சும்மா கிடப்பதுபோல் தோன்றும் அந்த நேரம்தான் வரிசையைக் குறைத்தது.

தொலைபேசிக்காரர்கள் பின்னாளில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். இரு நகரங்களுக்கு நடுவே நேர்க் கம்பிகள் நிரம்பிவிட்டால் அழைப்பை மூன்றாவது ஊர் வழியாகச் சுற்றி அனுப்பினார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்கின்சன் 1956 இல் வெளியிட்ட ஆய்வில் இதன் சூட்சுமம் விளக்கப்பட்டது: வழிந்து மாற்று வழிக்கு வருகிற கூட்டம், முதல் வழிக்கு வருவதைவிட அதிகக் கும்பலாக வரும். நம் கணக்கிலும் பாருங்கள், இரண்டாவது தராசுக்கு ஆள் வந்ததெல்லாம் நெரிசலான நிமிடங்களில்தான். ஆகவே மாற்று வழியைச் சராசரி பார்த்து அமைத்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

ஆறு பேரை விரல் விட்டு எண்ணலாம். அறுநூறு பேர், நான்கு வழிகள், திடீர் மழை என்றால் எந்தச் சூத்திரமும் திணறும். அப்போது அதிர்ஷ்டத்தை உதவிக்கு அழைத்தார்கள். அமெரிக்காவில் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர் 1946 இல் நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரத்தால் கணிக்க முயன்று அலுத்துப்போய், பலமுறை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்று எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்ததுதான் மான்டே கார்லோ முறை.

நாம் புளியங்கொட்டையால் செய்யலாம். பத்துக் கொட்டை எடுத்து மூன்றில் கரி பூசுங்கள். ஈரமான காலையில் பத்தில் மூன்று வாளி திரிந்துபோகும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கொட்டையைப் பார்க்காமல் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் போடுங்கள். கரிக் கொட்டை வந்தால் வாளி கிரேப் வழி; வெள்ளைக் கொட்டை என்றால் ஷீட் வழி; ஷீட் தொட்டி நிரம்பியிருந்தால் அம்மோனியா வழி. தாளில் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் ஸ்டோர் உங்கள் திண்ணையில் நடந்து முடியும். உண்மையான ஒரு சொட்டுப் பாலும் வீணாகவில்லை. இதற்குச் சிமுலேஷன் என்று பெயர். பாவனைக் கணக்கு என்று நாம் சொல்லலாம்.

கொட்டை எடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தவர்களில் ஒருவர் கே. டி. டோச்சர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து எஃகு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், ஆலையின் உலைகளும் பாரந்தூக்கிகளும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதைக் கணக்கிட 1960 அளவில் ஒரு பொதுவான நிரலை அமைத்தார். 1961 இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜெஃப்ரி கோர்டன் ஜி.பி.எஸ்.எஸ். என்ற நிரல்மொழியை உருவாக்கினார். அதில் வழி பிரிப்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. நூற்றுக்கு இத்தனை இந்தப் பக்கம் போகட்டும் என்று சொல்லலாம். அது நம் கரிக் கொட்டை. முதல் இடத்தில் நுழைய முடியாவிட்டால் அடுத்த இடத்தில் நுழையட்டும் என்றும் சொல்லலாம். அது நம் இரண்டாவது தராசு.

அதே காலத்தில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரத்தில் கிறிஸ்டன் நைகார்டு, ஓலே யோஹான் டால் என்ற இருவர் சிமுலா என்ற நிரல்மொழியை வளர்த்தார்கள். 1967 இல் அது முழு உருவம் பெற்றது. இந்த நைகார்டைப் பற்றி நம் மக்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தாம் செய்த கருவியைக் கொண்டு முதலாளிகள் ஆலையின் வேலையை மாற்றி அமைப்பார்கள், அதில் அடிபடப்போகிறவர்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை அவர் கண்டார். 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்தார். கம்ப்யூட்டர் வந்தால் தங்கள் வேலை என்ன ஆகும் என்பதைத் தொழிலாளர்களே உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். 1975 இல் நாடு தழுவிய ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிய முறைகளைப் புகுத்துமுன் தொழிலாளர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்றாயிற்று. நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954 இல் உருவானபோது இப்படியொரு கோரிக்கையை யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. 2001 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்ற அவ்விருவரும் 2002 இல் சில வார இடைவெளியில் காலமானார்கள்.

கணக்குப் போடுகிறவர் எதை எண்ணுகிறார் என்பதில் இருக்கிறது எல்லாம். தராசு சும்மா கிடக்கும் நிமிடத்தை எண்ணினால் ஒரு விடை வரும். வாளியோடு நிற்பவரின் நிமிடத்தை எண்ணினால் வேறு விடை வரும். “இந்த வழி அடைத்தால் அந்த வழி” என்ற விதியும் அப்படியே. இரண்டு தராசும் ஒரே விலைக்கு நிறுத்தால்தான் அது நியாயமான மாற்று வழி. அந்த வழியில் போகிற பாலுக்கு விலை குறைவு என்றால் வரிசை குறைந்திருக்கும், ஆனால் யாரோ ஒருவரின் பை இளைத்திருக்கும். கம்ப்யூட்டர் இதைத் தானாகச் சொல்லாது, கேட்டால்தான் சொல்லும்.

இன்று பால்மரம் நின்ற நிலங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. காண்டா வாளி போய் லாரி வந்துவிட்டது. ஆலை வாசலில் குலை ஏற்றிய லாரிகள் காத்து நிற்கின்றன; அடிபட்ட பழத்தில் நேரம் ஆக ஆக அமிலம் ஏறுகிறது, எண்ணெயின் தரம் இறங்குகிறது. தோட்டத்து லாரிக்கு ஒரு வழி, சிறு தோட்டக்காரரின் லாரிக்கு ஒரு வழி என்று பிரிப்பதா, வந்த வரிசைப்படி இறக்குவதா, நேற்று வெட்டிய குலைக்கு முதலிடம் கொடுப்பதா? வீட்டில் புளியங்கொட்டை இருந்தால் இன்று மாலை பிள்ளைகளை உட்காரவைத்துப் பாருங்கள். பத்து லாரி, இரண்டு வாசல். முதலில் வந்த வரிசைப்படி ஒரு முறை, பழைய குலைக்கு முதலிடம் கொடுத்து ஒரு முறை. எந்த லாரி எத்தனை நிமிடம் நின்றது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ள மறக்க வேண்டாம்.