குறைதிறன் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஸ்பீக்கர்

ஒற்றை 300பி ட்ரையோடு வால்வைக் கொண்டு இயங்கும் ஆம்ப்ளிஃபயர் ஒரு சேனலுக்குச் சுமார் 8 வாட் திறனே தரும். ஆகவே ஸ்பீக்கரின் உணர்திறனே முதல் அளவுகோல். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எழும் ஒலியளவாக அது டெசிபெலில் குறிக்கப்படும். 88 டெசிபெல் ஸ்பீக்கர் 80 வாட்டில் எழுப்பும் ஒலியை 98 டெசிபெல் ஸ்பீக்கர் 8 வாட்டிலேயே எழுப்பிவிடும். பால் கிளிப்ஷ் 1940களில் உருவாக்கிய கிளிப்ஷ்ஹார்ன் போன்ற கொம்பு ஸ்பீக்கர்கள் 100 டெசிபெலையும் கடப்பவை.

அடுத்தது மின்எதிர்ப்பு. வெளியீட்டு மின்மாற்றியின் 4, 8, 16 ஓம் முனைகளுள் ஸ்பீக்கருக்கு உரியதில் இணைக்க வேண்டும். எதிர்ப் பின்னூட்டம் இல்லாத ட்ரையோடு கருவிகளின் வெளியீட்டு மின்எதிர்ப்பு அதிகம். அதனால், அதிர்வெண்ணுக்கேற்பத் தன் மின்எதிர்ப்பு பெரிதும் மாறும் ஸ்பீக்கரில் தொனி திரியும். கீழ்ச்சுருதி ஒலிகள் கட்டுப்பாடு தளர்ந்து கேட்கும்.