முன்னிருப்பு நிவாரணப் பொருட்கள்: பழவேற்காடு

பேரிடர் வருமுன்பே உணவு, குடிநீர், தார்ப்பாய், மீட்புக் கருவிகள் ஆகியவற்றை எட்டும் தூரத்தில் சேர்த்து வைப்பது முன்னிருப்பு. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் இதற்கென்றே துபாய், பனாமா, இத்தாலியின் பிரிண்டிசி ஆகிய இடங்களில் கிடங்குகளை நடத்துகிறது. பழவேற்காடு அடங்கிய பொன்னேரி வட்டாரத்தில் ஐப்பசி மழைக்கு முன் அடுக்கப்படும் மணல் மூட்டைகளும் சவுக்குக் கம்புகளும் இதே வகைதான்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே லைட்ஹவுஸ் குப்பம் முதலான மீனவ ஊர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருபக்கம் கடல் ஏறும். மறுபக்கம் ஆரணியாறு தன் வெள்ளத்தை ஏரியில் கொட்டும். முகத்துவாரம் மணலால் தூர்ந்திருந்தால் வெள்ளம் வடியவும் வழியில்லை.

முதல் தேவை குடிநீர். ஏரித் தண்ணீர் உப்பு. குடிக்க, சமைக்க, கழுவ ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டராவது வேண்டும் என்கிறது நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் கையேடு. முகாமில் நூறு பேர் தங்கினால் நாளுக்கு 1,500 லிட்டர். சாலை மூழ்கினால் தண்ணீர் லாரி வராது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போதே தொட்டி நிரம்பியிருக்க வேண்டும்.

தூரத்திலிருந்து வருவதெல்லாம் உதவாது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துத் தெருக்களில் யாரும் தொடாத பழைய துணி குவிந்தது. தார் அட்டையில் கட்டிய தற்காலிகக் குடில்கள் வெயிலில் கொதித்தன. பனையோலைக்குப் பஞ்சமில்லாத கரையில் இது வேடிக்கைதான்.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகளின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மிதவை கைக்கெட்டும் இடத்தில் இல்லையென்றால் கரை பக்கத்தில் இருந்தும் பயனில்லை. மழைக்காலத்துக்கு முன் தீயணைப்பு வீரர்கள் ஊர் ஊராகக் காலி கேன், வாழைத்தண்டு, தேங்காய்க் கொத்து ஆகியவற்றை வைத்து மிதந்து காட்டுவது இதனால்தான். மூடியை இறுக்கிய 20 லிட்டர் கேன் ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தாங்கும். தண்ணீரில் இருப்பவரின் தலையை மேலே நிறுத்த அதில் பாதியே போதும். கைப்பிடியில் நைலான் கயிறு கட்டினால் வீசி எறியலாம். டீசல் கேன் கை வழுக்கும். தண்ணீர் கேனே மேல்.

மீனவ ஊரின் மிகப் பெரிய முன்னிருப்பு ஃபைபர் படகு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலோர மீனவர்களின் படகுகள் சென்னைத் தெருக்களுக்குள் வந்தன. 2018 வெள்ளத்தில் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மீட்புக்குப் போனார்கள். கிடங்குப் பட்டியலில் படகை எழுதிவிடுவது சுலபம். எரிபொருளுக்கும், தொழிலுக்குப் போகாத நாளின் வருமானத்துக்கும், பழுதுபார்ப்புக்கும் அதிலேயே ஒரு வரி வேண்டும். வெள்ளத் தெருவில் மதில் கம்பியில் உரசிக் கிழிந்த அடிப்பக்கத்தை ஃபைபர் பாய் ஒட்டி, ரெசின் பூசி, காயவைத்த பிறகே படகு மறுபடி கடலுக்குப் போக முடியும்.