மலையிலும் அடிவாரத்திலும் உழைத்த பழைய டிராக்டர்கள்

சேர்வராயன் மலையின் வரலாற்றை எழுதுவோர் காபியில்தான் தொடங்குவர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்த செய்தி நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் விளைந்ததைச் சுமந்த இயந்திரங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவற்றைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம்.

காபித் தோட்டம் நிழல் மரங்களின் கீழே, சரிவில் இருப்பது. ஆகவே மலைமேல் டிராக்டருக்கு உழவு வேலை குறைவு. டிரெய்லர் பூட்டி எருவும் மூட்டையும் இழுப்பதே பெரும் வேலை. கீழே சேலத்துச் சமவெளியில்தான் அது ஏர் பிடித்தது.

1950-களில் நம் நாட்டில் ஓடிய டிராக்டர்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. 1959-இல் ஃபரிதாபாத்தில் ஜெர்மானிய நுட்பத்துடன் ஐஷர் டிராக்டர் செய்யப்பட்டது. 1960-இல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கி, மாசி பெர்குசன் வண்டிகளைச் செய்தது. 1971-இல் பிஞ்சோரில் எச்.எம்.டி. நிறுவனம் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் மாதிரியில் இறங்கியது. இப்படிப் பல நாட்டு மாதிரிகள் நம்மிடையே கலந்து ஓடின.

ஒரு பழைய வண்டிக்குச் சாமான் வேண்டுமானால், முதலில் அது எந்த வண்டி என்று அறிய வேண்டும். பெயின்டை நம்பலாகாது, கைமாறும்போதெல்லாம் நிறமும் மாறியிருக்கும். கம்பெனித் தகட்டைத் தேடித் துடைத்துப் பார்க்க வேண்டும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட சாம்பல் நிறப் பெர்குசனில் "டி.இ." என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எழுத்தே எஞ்சினைச் சொல்லும்: "ஏ" என்றால் பெட்ரோல், "எஃப்" என்றால் டீசல்.

அதன் பின் வந்த பெர்குசன் 35-இல் ஏமாற்றம் அதிகம். முதலில் வந்த டீசல் வண்டிக்கு நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு எஞ்சின். பிற்பாடு வந்ததற்கு மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் பிஸ்டன் மற்றதற்கு ஆகாது. "ஏ 3.152" என்ற பெர்கின்ஸ் பெயரில் 3 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 152 என்பது கன அங்குலக் கொள்ளளவு. பெர்கின்ஸ் கூட்டுறவுடன் சென்னையிலேயே சிம்சன் கம்பெனி எஞ்சின் செய்ததால், மூன்று சிலிண்டர் வண்டிக்காரருக்குக் கவலை குறைவு. நான்கு சிலிண்டர்காரரே அலைய வேண்டும்.

எச்.எம்.டி.யின் பிஞ்சோர் டிராக்டர் ஆலையை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆலை மூடினாலும் வழி முற்றும் அடைபடாது. பேரிங்கின் வளையத்தில் உள்ள எண் உலகம் முழுவதும் பொது. வேறு கம்பெனியின் பேரிங்கும் பொருந்தும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்று அளவுகள் போதும். பழைய பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை. புதிதாக வார்க்கக் கோவைப் பட்டறைகள். புஷ், ஷாஃப்ட் கடைய நம் சேலத்து லேத்துகள் உண்டு. ஒன்றை மறவாதீர்: இங்கிலாந்து வண்டியின் நட்டு அங்குல அளவு, ஜீட்டருக்கு மில்லிமீட்டர். ஸ்பானர் மாறினால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

இந்த நுணுக்கங்கள் புத்தகத்தைவிட வயதான மெக்கானிக்குகளின் கைகளில்தான் அதிகம் தங்கியிருக்கின்றன. கொட்டகையில் துருவேறி நிற்கும் வண்டியை இரும்பு விலைக்குப் போடுமுன், தகட்டு எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நோட்டில் குறித்து, அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போமாக. அவர்கள் காலத்திலேயே இதைச் செய்தால்தான் நம் உழவின் ஓர் அத்தியாயம் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.