பேட்டரி இல்லாத பொறி



பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, கேஸ் லைட்டர்ல பேட்டரியே இல்லையே, பொறி எப்படி வருது?" "உள்ளே கல் உரசுதுப்பா, உட்கார்" என்றேன். தவறான பதில். சிகரெட் லைட்டரில்தான் கல் உரசும். அடுப்பு லைட்டரில் சின்னச் சுத்தியல் ஒன்று படிகத்தைத் தட்டுகிறது. அழுத்தம் பட்டதும் படிகத்தில் மின்னழுத்தம் பிறந்து பொறி பறக்கிறது. மேரி கியூரியின் கணவர் பியரும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-இல் பாரிஸில் கண்டுபிடித்த அழுத்தமின் விளைவு இது.

இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். "சித்தப்பா, இதே கேள்வியில் விஞ்ஞானிகளும் நின்றிருக்கிறார்கள்" என்று ஒரு வரலாறு சொன்னாள்.

காலியம் ஆர்சனைடு படிக அடுக்குகளுக்குள் எலக்ட்ரான்களை ஒரு தாள் போலப் பரப்பி வைக்கலாம். 1989-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் டீட்டர் வைஸ், நோபல் பரிசு பெற்ற கிளாஸ் வான் கிளிட்சிங் குழுவினர் அந்தத் தாளில் உழவுச் சால் போலச் சீரான மின்னழுத்த மேடுபள்ளங்களை லேசர் ஒளியால் உண்டாக்கினார்கள். ஒரு மில்லிமீட்டரில் 2,000-க்கும் மேற்பட்ட சால்கள்! காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட, மின்தடை ஏறி ஏறி இறங்கியது. எலக்ட்ரான் சுற்றும் வட்டத்தின் அகலத்துக்கும் சால்களின் இடைவெளிக்கும் உள்ள பொருத்தம்தான் காரணம்.

வேறு ஆய்வகங்களில் படிகத்தின் மேல் உலோகக் கோடுகள் பதித்து, அவற்றுக்கு மின்னழுத்தம் கொடுத்து மேடுபள்ளம் உண்டாக்கினார்கள். ஆனால் மின்னழுத்தமே கொடுக்காதபோதும் மேடுபள்ளம் இருந்தது!

1994-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டேவிஸும் லார்கினும் விளக்கம் தந்தார்கள். சோதனைக்காகத் திரவ ஹீலியத்தின் குளிருக்கு, ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரிக்கு, கொண்டுபோகும்போது உலோகம் படிகத்தைவிட அதிகம் சுருங்குகிறது. அந்த இறுக்கம் படிகத்தை நெரிக்கிறது. படிகம் மின்னழுத்தம் தருகிறது. லைட்டரில் நடப்பதேதான். கோடுகளைச் சரியாக 45 டிகிரி திருப்பிப் பதித்தால் இந்த அழுத்தமின் விளைவு மறைய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சில வருடங்களில் சோதனையும் அதையே காட்டியது.

பேட்டரி இல்லாத இடத்தில் மின்சாரம் தெரிந்தபோது அவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. நான் ஒரு பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டேன்.

அன்று கேட்ட தம்பி, இதைப் படித்தால் பதிலைத் திருத்திக்கொள், ஐயாவை மன்னித்துக்கொள். மற்றவர்களுக்கு ஒன்று: வீட்டுப் பிள்ளை கேட்பது தெரியாவிட்டால், "தெரியலைப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். பார்த்தும் சொல்லுங்கள்.